103-உம் 194-உம் சேர்ந்தால் 230

தலைப்பில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய நாலடி டியூப்லைட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது குழலின் இரண்டு முனைகளுக்கு நடுவே 103 வோல்ட் இருக்கும். சோக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே 194. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இணைத்திருக்கிறார்கள். கூட்டினால் 297 வர வேண்டும். சுவிட்சிலிருந்து வருவதோ 230தான்.

பகலெல்லாம் அய்யம்பேட்டைப் பக்கம் ஓர் உரக்கடையில் பற்று வரவு எழுதுகிறவன் நான். நோட்டில் ஐந்து ரூபாய் இடித்தாலே ராத்திரி தூக்கம் பிடிக்காது. அப்பேர்ப்பட்டவன் கண்முன்னால் 67 வோல்ட் துண்டு விழுகிறது, கணக்குப்படி அது அப்படித்தான் விழ வேண்டும் என்றும் சொல்கிறார்கள்! அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. ஒற்றை ஃபேஸ் ஏசி சர்க்யூட் கணக்குப் போடுவதைப்போல் ஒரு சுகம் இந்தப் பூமியில் வேறு இருக்கிறதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. திருவையாறு ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போகிறவன்தான் நான். அதையும் சேர்த்து எடை போட்டுத்தான் சொல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், ஏசியில் வோல்டேஜ் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கிப் போய் வருகிறது. குழலின் வோல்டேஜ் உச்சிக்கு வருகிற நேரத்தில் சோக்கின் வோல்டேஜ் ஏற்கெனவே உச்சியைத் தாண்டி இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சியில் நிற்பதே இல்லை. ஆகவே இவற்றைக் கடைக்கணக்குப்போல் கூட்டக் கூடாது, முக்கோணமாக வரைந்து கூட்ட வேண்டும். 20 வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு 11.5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அது 230. ஒரு முனையிலிருந்து காம்பஸால் 5.15 செ.மீ., மறு முனையிலிருந்து 9.7 செ.மீ. வில் வெட்டுங்கள். வெட்டிய புள்ளியை இரண்டு முனைகளோடும் சேர்த்தால் முக்கோணம் கச்சிதமாக மூடிக்கொள்ளும். துண்டு விழுந்த 67 வோல்ட் எங்கே போயிற்று என்ற கேள்விக்கே இடம் இல்லை.

இதற்கு மேல்தான் வேடிக்கை. 230-க்கும் 103-க்கும் நடுவே உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் ஏறக்குறைய 57 டிகிரி. அதன் கொசைன் 0.55. அதுதான் பவர் ஃபேக்டர்! சோக்கின் மேலே 0.43 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 230-ஐ 0.43-ஆல் பெருக்கி, அதை 0.55-ஆல் பெருக்கினால் 54 வாட். நாற்பது வாட் விளக்கு என்று வாங்கி மாட்டியது 54 வாட் இழுக்கிறது. அதில் பத்து வாட்டைச் சோக்கு சத்தமில்லாமல் சூடாக்கித் தின்றுவிடுகிறது என்பதும் அதே முக்கோணத்திலேயே கிடைக்கிறது. குழலின் வோல்டேஜ் சுத்தமான சைன் அலையாக இருப்பதில்லை என்பதால் நாலு வாட் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். வாட்மீட்டர் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு காம்பஸ், ஒரு பாகைமானி போதும். (சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப் மாட்டுங்கள், பிறகு போடுங்கள். மீட்டர் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம்.)

மூன்று வோல்ட்மீட்டர் முறை என்று இதற்குப் பெயர். 1891-இல் அயர்ட்டனும் சம்ப்னரும் விளக்கி எழுதியது. அந்த அயர்ட்டன் இளவயதில் இந்தியத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். வங்காளத்தில் தந்திக் கம்பியோடு மல்லுக்கட்டிய மனிதர் சொன்ன வழியில் நான் அய்யம்பேட்டையில் டியூப்லைட்டை அளக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

என் கையில் இருக்கிற புத்தகம், மகள் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போனபோது பரணில் போட்டுவிட்டுப் போன தெரேஜா முதல் தொகுதி. எலக்ட்ரிகல் படித்தவர்களுக்குச் செங்கல் கனத்தில் அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கும். “பாஸ் பண்ணாப் போதும்னு நான் படிச்சதை நீங்க பொழுதுபோக்குக்குப் படிக்கிறீங்களேப்பா” என்று போனில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பதின்மூன்றாம் அத்தியாயம் தொடர் சர்க்யூட், பதினான்காம் அத்தியாயம் இணை சர்க்யூட். இந்த இரண்டு அத்தியாயங்களுக்குள் ஒரு மனிதன் வருஷக்கணக்கில் குடியிருக்கலாம். பயிற்சிக் கணக்கு ஒவ்வொன்றின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் விடையைப் போட்டிருப்பார்கள். அதை விரலால் மறைத்துக்கொண்டு கணக்கைப் போட்டு, முடிந்ததும் விரலை மெதுவாக விலக்கிப் பார்க்கிற அந்த ஒரு கணம் இருக்கிறதே! குறுக்கெழுத்து, சுடோகு எல்லாம் எனக்கு அதன் பக்கத்தில் நிற்காது. அவற்றில் வருகிற விடையைத் தொட்டுப் பார்க்க முடியாது. இதில் வருகிற விடை கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கை எழுதுகிறவர்களின் குறும்பும் நாள்பட நாள்படப் பிடிபடும். 3, 4, 5 முக்கோணத்தின்மேல் அவர்களுக்கு ஒரு தீராத காதல். ரெசிஸ்டன்ஸ் 6 ஓம், ரியாக்டன்ஸ் 8 ஓம் என்று படித்த உடனேயே இம்பீடன்ஸ் 10 என்று மனசு சொல்லிவிடும், பேனா எடுக்க வேண்டியதில்லை. அதற்காகவே 7-உம் 11-உம் கொடுத்து நம்மை அலைக்கழிக்கிற கணக்கு வந்தால் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் மரியாதையும் சேர்ந்தே வருகிறது.

முக்கோணம் வரைந்து போடுவது ஒரு சுகம் என்றால், ‘ஜே’ போட்டுக் கணக்குப் போடுவது அதற்கு மேலே. 6 ஓம் ரெசிஸ்டன்ஸையும் 8 ஓம் ரியாக்டன்ஸையும் 6 + ஜே8 என்று எழுதிவிட்டால் போதும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். ஒரே ஒரு விதி: ஜேயை ஜேயால் பெருக்கினால் மைனஸ் ஒன்று. இந்த வழியைப் பொறியாளர்கள் கையில் கொடுத்தவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். 1893 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாட்டில் அவர் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார். விவேகானந்தர் பேசிய அதே சிகாகோ, அதே உலகக் கண்காட்சி, சில வாரங்கள் முன்பு! நம் ஊரில் செப்டம்பர் 11 எல்லோருக்கும் மனப்பாடம். அந்த ஆகஸ்டை யாரும் சொல்லித்தருவதில்லை. அதற்கு முன்பெல்லாம் ஒரு சோக்கும் ஒரு கண்டன்சரும் சேர்ந்த சர்க்யூட்டுக்குக்கூட வகைக்கெழுச் சமன்பாடு எழுதி மல்லாட வேண்டும். அவர் வந்தபின் என்னைப்போல் பி.காம். படித்தவனும் போட்டுவிடலாம்.

லோனியின் திரிகோணமிதிப் புத்தகம் வெளிவந்ததும் அதே 1893-இல்தான். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் மாணவன் ராமானுஜன் பதின்மூன்று வயதில் கரைத்துக் குடித்த புத்தகம் அது. சைன், கொசைன், மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற இடம் அதன் இரண்டாம் பாகம். அந்தப் பின்னலைத் தானாகவே கண்டுபிடித்த ராமானுஜன், ஆய்லர் முன்பே அதைச் சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார் காட்சிக்கூடமாகப் பராமரிக்கிறார்கள். அங்கே போனால் எல்லோரும் ஜன்னலோரக் கட்டிலைப் பார்க்கிறார்கள், நான் கூரையைப் பார்க்கிறேன். ஏசி கணக்குக்கு வேண்டிய கருவி முழுக்க அங்கே செருகிக் கிடந்தது என்ற நினைப்பு என்னைப் படுத்துகிறது.

சரி, மோட்டாருக்கு வருவோம். வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஒரு எச்.பி. மோட்டார் ஒற்றை ஃபேஸில் ஓடுவது. ஒற்றை ஃபேஸ் மட்டும் கொடுத்தால் உள்ளே காந்தப்புலம் சுற்றாது, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னுமாக அடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் உறுமும், நகராது. கண்டன்சர் போன ஃபேனைக் குச்சியால் தள்ளிவிட்டால் தள்ளின பக்கம் ஓடுமே, அதே கதைதான். அதனால்தான் உள்ளே இரண்டாவதாக ஒரு காயிலைக் கட்டி, அதோடு ஒரு கண்டன்சரைத் தொடராகச் சேர்க்கிறார்கள். அந்தக் காயிலின் மின்னோட்டம் முதல் காயிலுக்கு 90 டிகிரி முன்னால் போக வேண்டும். அப்போதுதான் கிளம்பும்போது நல்ல இழுவை கிடைக்கும். எவ்வளவு மைக்ரோ ஃபாரட் போட வேண்டும்? இது கணக்கு!

முதல் காயில் 6 + ஜே8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓடுவது 53 டிகிரி பின்தங்கும். 90 வேண்டுமென்றால் இரண்டாம் காயிலில் ஓடுவது 37 டிகிரி முந்த வேண்டும். இரண்டாம் காயில் 12 + ஜே9. 37 டிகிரியின் டேன்ஜென்ட் 0.75, அதை 12-ஆல் பெருக்கினால் 9. அதாவது கண்டன்சர் பக்கம் 9 ஓம் மிஞ்சி நிற்க வேண்டும். காயிலின் சொந்த 9 ஓமை வேறு அது அடிக்க வேண்டும். ஆக 18 ஓம். 50 ஹெர்ட்ஸில் 18 ஓம் என்றால் 177 மைக்ரோ ஃபாரட்.

இதைப் போட்டு முடித்த கையோடு, காயில் கட்டுகிற கடைக்கு ஓடினேன்.

“அண்ணே, ஒரு எச்.பி. மோட்டார் கிளம்புறதுக்குக் கண்டன்சர் எவ்வளவு போடுவீங்க?”

“மோட்டாரைப் பொறுத்தது தம்பி. நூத்தம்பது, நூத்தெழுபது போட்டா இழுத்துரும். ஏன், போயிருச்சா?”

“இல்லைண்ணே, கணக்குப் போட்டேன்.”

“கணக்கா? மோட்டாரைக் கொண்டாந்தீன்னா நான் பார்த்துச் சொல்றேன்.”

அவருக்கு என் உற்சாகம் புரியவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. நூற்றெழுபது என்று அவர் வாயிலிருந்து வந்ததே, அந்த ஆனந்தத்தோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதுதான் கணக்குகளிலெல்லாம் ராஜா. நம் பக்கத்து வயல்காட்டு மின்சாரம் எப்படி என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மூன்று ஃபேஸும் வருவது குறித்த சில மணி நேரம்தான். மற்ற நேரம் டூ ஃபேஸ். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா திறக்காதா என்று வானத்தைப் பார்க்கிற வருஷத்தில் குறுவை நாற்றங்கால் போர் தண்ணீரை நம்பித்தான் கிடக்கும். அப்போது ராத்திரி டூ ஃபேஸிலேயே ஐந்து எச்.பி. மோட்டாரை ஓட்டக் கண்டன்சர் பெட்டி மாட்டுவார்கள். மின்வாரியத்துக்கு இது பிடிக்காது. ஊரே இப்படி இழுத்தால் ட்ரான்ஸ்பார்மர் ஒருபக்கமாகச் சுமை தாங்கித் திணறும் என்பது நியாயமான காரணம்தான். மாட்டுங்கள் என்று நானும் சொல்லவில்லை. கணக்கின் அழகைத்தான் சொல்கிறேன்.

டூ ஃபேஸ் என்று பேர்தானே தவிர, மோட்டாருக்குக் கிடைப்பது இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு 400 வோல்ட். அசல் ஒற்றை ஃபேஸ் சர்க்யூட். மூன்றாவது முனைக்கு எந்தக் கம்பியும் இல்லை. அதற்கு வேண்டியதை ஒரு கண்டன்சர் வழியாகத்தான் ஊட்ட வேண்டும். ஜெர்மன் பாடநூல்களில் இந்த இணைப்புக்கு என்ன பெயர் தெரியுமா? ஸ்டைன்மெட்ஸ் இணைப்பு! சிகாகோவில் ஜே போட்ட அதே மனிதர். அம்மாபேட்டை வயலில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சுகிறவர் தகரப் பெட்டிக்குள் மாட்டி வைத்திருப்பது அவருடைய பெயரில் வழங்குகிற சர்க்யூட்.

ஒரே ஒரு கண்டன்சரை வைத்து மூன்று கம்பியிலும் சமமான ஆம்பியர் ஓடவைக்க முடியுமா, ஓடவைக்க முடிந்தால் எப்போது? போட்டுப் பார்த்தால் அசந்துபோவீர்கள். கண்டன்சரில் மின்னோட்டம் அதன் வோல்டேஜுக்கு 90 டிகிரி முந்தும். மூன்றாவது முனையிலிருந்து ஒரு லைனுக்கு உள்ள வோல்டேஜ், அந்த முனையின் ஃபேஸ் வோல்டேஜிலிருந்து 150 டிகிரி தள்ளி நிற்கும். இந்த இரண்டையும் வைத்துக் கழித்தால் மிஞ்சுவது 60 டிகிரி. வேறு எந்தக் கோணத்துக்கும் இடம் இல்லை! மோட்டாரின் மின்னோட்டம் சரியாக 60 டிகிரி பின்தங்கி, அதாவது பவர் ஃபேக்டர் 0.5 ஆக இருக்கும்போது மட்டும்தான் மூன்று கம்பியும் சமம். கண்டன்சரின் அளவும் மூச்சுவிடுகிற நேரத்தில் வந்துவிடும். லைன் ஆம்பியரை லைன் வோல்டேஜால் வகுத்து, மேலும் 314-ஆல் வகுத்தால் போதும். 5 ஆம்பியர், 400 வோல்ட் என்றால் 40 மைக்ரோ ஃபாரட். முனையை மாற்றிக் கண்டன்சரை மற்ற லைனோடு சேர்த்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதுவும் அதே படத்தில் தெரிகிறது.

எந்த மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் 0.5? பாதிச் சுமையையும் எட்டாமல் ஓடுகிற மோட்டாருக்கு. முழுச் சுமையில் அது 0.8 பக்கம் போய்விடும், கோணம் 37 டிகிரிக்கு இறங்கிவிடும், சமநிலை கெடும். டூ ஃபேஸில் ஓட்டிய மோட்டார் ஏன் அப்படிக் கொதிக்கிறது, வருஷத்துக்கொரு தடவை ஏன் காயில் கட்டக் கொண்டுபோகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் அந்த 60 டிகிரிக்குள் ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டதும் நோட்டை மூடிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நடந்தேன். வீட்டில், “யார்கிட்டயாவது பணம் வரவேண்டியதிருக்கா?” என்று கேட்டார்கள்.

இணை சர்க்யூட்டுக்கும் நம் ஊருக்கும் ஒரு பந்தம் உண்டு. ட்ரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிக் கடைசிக் கம்பத்தில் இருக்கிற வீட்டுக்கு வோல்டேஜ் கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோல்தான் வரும். வழியிலேயே குடித்துவிடுவார்கள். ஒரு மோட்டார் 0.64 பவர் ஃபேக்டரில் 10 ஆம்பியர் இழுக்கிறது, போகவரக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம் என்று வைத்துக்கொண்டால், கம்பி சூடாகியே 100 வாட் வீண். மோட்டாருக்கு இணையாக 80 மைக்ரோ ஃபாரட் போட்டால் கம்பியில் ஓடுவது 6.7 ஆம்பியராகக் குறைகிறது, வீணாவது 45 வாட். மோட்டார் இழுக்கிற வேலை அப்படியே இருக்கிறது! ஆனால் இதனால் என் வீட்டு வோல்டேஜ் ஒன்றும் பெரிதாக ஏறிவிடாது என்பதையும் அதே கணக்கு முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறது. ரெசிஸ்டன்ஸில் விழுகிற வோல்ட்டைத் தீர்மானிப்பது, மின்னோட்டத்தில் வேலை செய்கிற பங்கு. அது மாறவில்லையே. வரிசையாக ஊரே போட்டால்தான் ட்ரான்ஸ்பார்மருக்கு மூச்சு வரும். பம்பு செட்டுக்குக் கண்டன்சர் போடுங்கள் என்று வாரியம் தொண்டை வற்றக் கத்துவது அதற்காகத்தான்.

ஒத்ததிர்வைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 10 ஓம், 0.1 ஹென்றி காயில், 101 மைக்ரோ ஃபாரட், மூன்றையும் தொடராக வைத்து 230 வோல்ட் கொடுத்தால் கண்டன்சரின் இரு முனைகளுக்கு நடுவே 720 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். காகிதத்தில் மட்டும் போடுங்கள், வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: கேசியோ 991 வாங்குங்கள். 82-இல் ஜே போடுகிற வசதி கிடையாது. ஆனால் முதல் கொஞ்ச நாள் கால்குலேட்டரைத் தொடாமல் முக்கோணம் வரைந்தே போடுங்கள், கோணம் கைக்குப் பழகும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடப்புத்தகத்திலேயே மாறுதிசை மின்னோட்டப் பாடம் தமிழில் நன்றாக இருக்கிறது, தெரேஜாவுக்கு முன் அதை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். பிறகு இதைப் போடுங்கள். ஒரு காயில் 12 வோல்ட் பேட்டரியில் 2 ஆம்பியர் இழுக்கிறது. அதையே 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மாட்டினால் அதே 2 ஆம்பியருக்கு 20 வோல்ட் வேண்டியிருக்கிறது. காயிலின் இண்டக்டன்ஸ் எவ்வளவு? அதே 20 வோல்ட்டில் மின்னோட்டம் உச்சத்துக்குப் போக என்ன கண்டன்சரைத் தொடராகப் போட வேண்டும், அப்போது எத்தனை ஆம்பியர் ஓடும்? ஆம்பியர் மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் சரி. மற்ற இரண்டு விடைகளை நான் சொல்லமாட்டேன்.